நடந்துகொண்டிருக்கும் இளையோர் திட்டத்தை மேம்படுத்த நிதி கேட்கும்போது எதை எழுதுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். பள்ளிப் படிப்பு அறுந்துபோகும் நிலையிலோ, ஏற்கெனவே காவல்துறை விசாரணை வரை போய் வந்த நிலையிலோ உள்ள 14 முதல் 18 வயதுப் பிள்ளைகள் 60 பேருக்கு நான்கு ஆண்டுகளாக மாலை நேர மையம் ஒன்றை நடத்துகிறீர்கள். நடப்பிலுள்ள திட்டங்களை மேம்படுத்துவதற்கென்றே அறிவிக்கப்பட்ட நல்கைக்கு (திருப்பிக் கொடுக்க வேண்டாத நிதியுதவிக்கு) இரண்டு முறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. 'மேம்பாட்டுத் திட்டம் தெளிவாக இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. பிள்ளைகளின் தேவையை இன்னும் அழுத்தமாக எழுதுவது எப்படி என்று கேட்கிறீர்கள். அழுத்தம் போதாமல் உங்கள் விண்ணப்பம் விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தேவையைப் பற்றி எல்லா விண்ணப்பங்களும் உருக்கமாகத்தான் பேசும். நிதி தருபவர் இந்தப் பணத்தைக் கொடுத்து எதை வாங்க நினைக்கிறார் என்பதுதான் உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

புதிதாக ஒன்றைத் தொடங்கத் தரும் பணம், ஓடுவதை ஓட்டிச் செல்லத் தரும் பணம், ஓடுவதைச் செப்பனிடத் தரும் பணம் என்று நிதி பல முகத்தோடு வரும். மூன்றாவது வகையில் தருபவர் வாங்குவது இன்றைய நிலைக்கும் ஓராண்டு கழித்து இருக்கப்போகும் நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை. அந்த வித்தியாசத்தைக் காட்ட, இன்று உங்கள் மையத்தில் எது பழுது என்று நீங்களே எண்ணோடு சொல்ல வேண்டும். இங்கேதான் பெரும்பாலான அமைப்புகள் பின்வாங்குகின்றன. குறையைச் சொன்னால் பணம் வராது என்ற பயத்தில், 'நன்றாக நடக்கிறது, நிதி கிடைத்தால் இன்னும் நன்றாக நடக்கும்' என்று எழுதிவிடுகின்றன. மதிப்பெண் போட உட்காருபவருக்கு அதில் பிடிமானமே இருக்காது. சமூகத் தேவைக்கு இரண்டு பத்திகள் போதும். அடுத்த நான்கு பக்கங்கள் உங்கள் மையத்தின் பழுதைப் பற்றியும் அதைச் சரிசெய்யும் வழியைப் பற்றியும் இருக்கட்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். இவ்வகை நல்கைகள் பலவற்றில், ஏற்கெனவே வேறு பணத்தில் நடக்கும் செலவுக்கு இந்தப் பணத்தை மாற்றிக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். இப்போது சம்பளம் வாங்கும் அதே ஊழியரின் அதே வேலையை அப்படியே இந்த பட்ஜெட்டில் ஏற்றினால் அந்த ஒரு வரிக்காகவே விண்ணப்பம் விழலாம்.

பழுதைக் கண்டுபிடிக்க ஆலோசகர் யாரும் வேண்டாம். வருகைப் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு எண்ணுங்கள். ஓர் உதாரணக் கணக்கு: வாரம் மூன்று நாள், 40 வாரம் என்றால் ஆண்டுக்கு 120 அமர்வுகள். பதிவு செய்தவர்கள் 60. ஒருமுறையாவது உள்ளே வந்தவர்கள் 54. மூன்றாம் மாதத்தில் வந்துகொண்டிருந்தவர்கள் 41. ஆறாம் மாதத்தில் 30. அமர்வுகளில் 70 சதவீதம், அதாவது 84 அமர்வுகளுக்குக் குறையாமல் வந்தவர்கள் 22. இப்போது '60 பேருக்குச் சேவை' என்ற வாக்கியம் என்ன ஆயிற்று பாருங்கள். திட்டமிட்ட அளவு சேவை போய்ச் சேர்ந்தது 22 பேருக்கு. அந்தக் கணக்கில் தலைக்கு ஆன செலவு நீங்கள் சொல்லிக்கொண்டிருந்ததைப் போல 2.7 மடங்கு. இதைப் பார்த்துத் துவண்டுபோக வேண்டியதில்லை. 'இந்த 22-ஐ 12 மாதத்தில் 33 ஆக்குவோம், இன்ன வழியில்' என்று எழுத முடிந்த நொடியில்தான் உங்களிடம் ஒரு மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. பதிவேடு ஒழுங்காக இல்லை என்றால் அதுவே முதல் பழுது. அடுத்த அறிவிப்பு வரும்வரை மூன்று மாதமாவது ஒழுங்காகப் பதிந்து, அந்த மூன்று மாதக் கணக்கோடு விண்ணப்பியுங்கள்.

எத்தனை பேர் நீடித்தார்கள் என்பதோடு யார் நீடித்தார்கள் என்பதையும் பாருங்கள். இத்தகைய மையங்களில் முதலில் விலகுவது பெரும்பாலும் அதிக இடரில் இருப்பவர்களே. வீட்டில் குழப்பம், அடிக்கடி இடமாற்றம், பள்ளியிலிருந்து இடைநீக்கம் என்று எது அவர்களை மையத்துக்கு அனுப்பியதோ அதுவே அவர்களை வரவிடாமலும் செய்கிறது. விளைவாக, ஆண்டு முடிவில் எஞ்சி இருப்பவர்களை மட்டும் அளந்தால் சராசரி தானாக உயர்ந்துவிடும். திட்டம் வேலை செய்ததுபோல் ஒரு தோற்றம் வரும். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் 'தொடக்கத்தில் எத்தனை பேர், முடிவில் எத்தனை பேர்' என்றுதான் முதலில் கேட்பார். சேர்ந்த 60 பேரையும் வகுக்கும் எண்ணாக வைத்தே எல்லாச் சதவீதத்தையும் எழுதுங்கள். எண் சிறிதாகத் தெரியும். நம்பகம் கூடும்.

'இடரில் உள்ள இளையோர்' என்ற சொல்லையும் அவிழ்த்து எழுத வேண்டும். ஏழ்மையான பகுதியில் வாழ்கிறார்கள் என்பது மட்டும் வரையறை ஆகாது. சரிபார்க்கக் கூடிய அடையாளங்கள் தேவை: பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராமல் இருப்பது (நீடித்த வராமைக்குப் பரவலாகப் பயன்படும் எல்லை இது), முக்கியப் பாடங்களில் தோல்வி, இடைநீக்கம், காவல்துறைத் தொடர்பு, பெற்றோரைப் பிரிந்து பராமரிப்பில் இருப்பது. இவற்றில் இரண்டு இருந்தால் சேர்ப்போம், நான்கு இருந்தால் கூடுதல் நேரம் தருவோம் என்று எழுதினால் யாருக்கு எவ்வளவு என்பது தெளிவாகும். இப்படிப் பிரிப்பதற்கு ஆய்வு அடிப்படை உண்டு. குற்றத் தடுப்புத் துறையில் 1990 வாக்கில் ஆண்ட்ரூஸ், போன்டா முதலியோர் வகுத்த இடர் கோட்பாட்டின்படி, தீவிரமான உதவி அதிக இடரில் உள்ளவர்களிடம்தான் கூடுதல் பலன் தரும். குறைந்த இடரில் உள்ள பிள்ளையைத் தீவிரத் திட்டத்துக்குள் இழுப்பதால் பலன் சொற்பம், சில வேளை கெடுதலும் நேரும். ஆனால் இந்தப் பட்டியல் கோப்புக்குள்ளேயே இருக்கட்டும். பிள்ளையின் காதில் விழும் பெயராக அது மாறிவிடக் கூடாது.

நிச்சயமாகத் தெரிந்தவற்றில் ஒன்று, நல்லெண்ணத் திட்டமும் கெடுதல் செய்யும் என்பது. சிறைக்கு அழைத்துச் சென்று கைதிகளை விட்டு மிரட்டும் வகைத் திட்டங்களைச் சோதனை முறையில் ஆராய்ந்தவற்றை பெட்ரோசினோ குழுவினர் தொகுத்துப் பார்த்தபோது, போய்வந்த பிள்ளைகள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ், சோமர்வில் பகுதிகளில் 1939-இல் தொடங்கிய திட்டம் இன்னும் கசப்பான பாடம். 506 சிறுவர்களில் ஒரு பாதிக்கு ஆண்டுக்கணக்கில் வீட்டுக்கே போய் ஆலோசனை, படிப்புதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப்பிடித்து 1978-இல் வெளியிட்ட முடிவில், உதவி பெற்றவர்கள் பல அளவுகளில் பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். அதே மனிதர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 'அந்தத் திட்டம் எனக்கு உதவியது' என்றும் சொன்னார்கள். 'பங்கேற்றவர்களில் 95 சதவீதம் பேர் திருப்தி' என்று எழுதுவதற்கு மதிப்பீட்டாளர் ஏன் அசைவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. பின்னாளில் தாமஸ் டிஷன், மெக்கார்ட், பூலின் மூவரும் 1999-இல் எழுதிய கட்டுரையில், பிரச்சினையுள்ள பிள்ளைகளை மட்டும் ஒரே குழுவாகக் கூட்டி வைப்பது அவர்களின் தவறான பழக்கங்களுக்கு ஒருவரை ஒருவர் ரசிகராக்கிவிடுகிறது என்று காட்டினார்கள். உங்கள் மையத்தில் மேற்பார்வையோ வேலையோ இல்லாத 'சும்மா இருக்கும்' நேரம் ஒரு மாலையில் எத்தனை நிமிடம் என்று அளந்து பாருங்கள். அதைக் குறைப்பது செலவே இல்லாத மேம்பாடு.

வழிகாட்டிகளை நியமிக்கும் திட்டம் உங்களிடம் இருந்தால் இன்னொரு கண்டுபிடிப்பு நேரடியாகப் பொருந்தும். கிராஸ்மன், ரோட்ஸ் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த வழிகாட்டி உறவுகளில்தான் பலன் தெளிவாக இருந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்த உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு குறைந்தே போனது. ஏற்கெனவே பெரியவர்கள் பலரால் கைவிடப்பட்ட பிள்ளைக்கு இன்னொருவரும் காணாமல் போகிறார். அதனால் '30 புதிய வழிகாட்டிகளைச் சேர்ப்போம்' என்ற இலக்கைவிட, 'இப்போதுள்ள 18 இணைகளில் 12 மாதம் தாண்டுவது 7, அதை 13 ஆக்குவோம்' என்பது எடை கூடிய இலக்கு. ஓராண்டு உறுதிமொழி, முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊழியர் இருதரப்பையும் அழைத்து விசாரிப்பது, பிரிய நேர்ந்தால் முறையாக விடைபெறும் ஒரு சந்திப்பு ஆகியவற்றுக்கான ஊழியர் நேரத்தைத்தான் பட்ஜெட்டில் கேட்க வேண்டும்.

எது வேலை செய்கிறது என்ற கேள்விக்கு மார்க் லிப்ஸி 2009-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அலசுவது) உங்களைப் போன்ற மையங்களுக்கு ஆறுதலானது. குற்றத்தில் சிக்கிய இளையோருக்கான 548 ஆய்வு மாதிரிகளை எடுத்து அலசியதில் மூன்று காரணிகள் மேலே வந்தன: மிரட்டல், கட்டுப்பாடு என்று போகாமல் திறனையும் மனநலத்தையும் வளர்க்கும் அணுகுமுறை, அதிக இடரில் உள்ளவர்களைச் சேர்த்தல், செயலாக்கத்தின் தரம். பெயர் பெற்ற, உரிமம் வாங்க வேண்டிய பாடத்திட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. டர்லாக், டூப்ரே இருவரும் 2008-இல் 500-க்கு மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்துச் சொன்னதும் இதையொட்டியதே: ஒழுங்காகச் செயல்படுத்தப்பட்ட திட்டங்களின் விளைவு மற்றவற்றைவிட இரண்டு, மூன்று மடங்கு. பள்ளி நேரத்துக்குப் பிந்தைய மையங்களைப் பற்றி டர்லாக் குழுவினர் 2010-இல் எழுதியது உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. திறன்களைப் படிப்படியாகக் கற்பித்தல், பிள்ளைகள் செய்து பார்க்கும்படி அமைத்தல், அதற்கென்று நேரம் ஒதுக்குதல், எந்தத் திறன் என்று வெளிப்படையாகக் குறித்தல் ஆகிய நான்கும் இருந்த மையங்களில் பலன் தெரிந்தது. இவை இல்லாத மையங்களில் தெரியவில்லை. ஆக, கேரம் பலகையும் வீட்டுப்பாட மேசையும் போட்டு 'பாதுகாப்பான இடம்' என்று எழுதுவதற்கும், அந்த இடத்துக்குள் என்ன கற்பிக்கிறோம் என்று எழுதுவதற்கும் இடையில்தான் உங்கள் மேம்பாட்டுத் திட்டம் கிடக்கிறது.

இனி சந்தேகத்துக்குரியவை. ஒரு திட்டத்தின் பலன் எவ்வளவு காலம் நிற்கும் என்பதில் தீர்ந்த முடிவு இல்லை. சிகாகோவில் எட்டு வாரக் கோடைக்கால வேலை பெற்ற இளையோரைக் குலுக்கல் முறையில் ஒப்பிட்டு சாரா ஹெல்லர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 16 மாதங்களில் வன்முறைக் குற்றக் கைதுகள் 43 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் பள்ளி வருகை போன்றவற்றில் அப்படிப்பட்ட மாற்றம் தெரியவில்லை. ஒன்றில் வெற்றி கண்ட திட்டம் எல்லாவற்றிலும் வெல்லும் என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். ஓரிடத்தில் வென்றதை வேறிடத்தில் நட்டால் வேர்பிடிக்குமா என்பதும் திறந்த கேள்வியே. 'மனஉறுதி', 'தன்னம்பிக்கை' ஆகியவற்றைக் கேள்வித்தாளால் அளப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. தொடக்கத்தில் அவநம்பிக்கையால் எல்லாவற்றுக்கும் நல்லபடியாகப் பதில் எழுதும் பிள்ளை, உங்களை நம்பத் தொடங்கியதும் உண்மையை எழுதுகிறது. காகிதத்தில் மதிப்பெண் இறங்குகிறது. அந்த அளவுகோலை ஒரே சான்றாக வைத்துவிடாதீர்கள்.

அளவிடும் பகுதியில் பெரும்பாலோர் வாக்குறுதியை மிஞ்சி எழுதிவிடுகிறார்கள். உங்களிடம் இருப்பது 60 பேர். 10 சதவீத மாற்றம் என்றால் ஆறு பேர். ஆறு பேர் தற்செயலாகவே அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ சாய்வார்கள். ஒரு விளைவு 50 சதவீதத்திலிருந்து 60 ஆக உயர்ந்ததைப் புள்ளியியல் வழக்கப்படி நம்பிக்கையோடு சொல்ல, திட்டத்தில் சேர்ந்தவர்கள், சேராதவர்கள் என்று ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 390 பேர் தேவை. இதற்கு மேல் ஒரு பொறி உண்டு: பிள்ளைகள் உங்களிடம் வருவது நிலைமை மிக மோசமான கட்டத்தில். அந்தக் கட்டத்திலிருந்து சிலர் யாருடைய உதவியும் இல்லாமலே சற்று மேலே வருவார்கள். முன்-பின் ஒப்பீடு அதையும் உங்கள் கணக்கில் ஏற்றிவிடும். காத்திருப்போர் பட்டியல் இருந்தால், பின்னால் சேரப்போகிறவர்களை அதே மாதங்களில் அளந்து பக்கத்தில் வைத்துக் காட்டலாம். இல்லையென்றால், ஓராண்டு நல்கையில் கைதுகள் குறையும், தேர்ச்சி உயரும் என்று உறுதி தருவதைத் தவிருங்கள். வருகை, நீடிப்பு, அமர்வின் தரம், விலகியவர்களில் திரும்பி வந்தவர்கள் ஆகிய கிட்டத்து அளவுகளுக்கு உறுதி கொடுங்கள். தூரத்து அளவுகளைப் 'பதிந்து வருவோம்' என்று மட்டும் எழுதுங்கள். இப்படி எழுதுவது பலவீனம் என்று நினைக்க வேண்டாம். நிறைவேற்ற முடியாத இலக்கை எழுதிப் பணம் வாங்கினால், பன்னிரண்டாம் மாத அறிக்கையில் அது உங்கள் கழுத்தைப் பிடிக்கும்.

மேம்பாட்டு நிதியின் பெரும்பகுதி எங்கே வீணாகிறது என்றால், பயிற்சியில். இரண்டு நாள் பயிலரங்கு, கோப்பு, சான்றிதழ், குழுப்படம். மூன்றாம் வாரம் எல்லாரும் பழையபடி. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த ஜாய்ஸும் ஷவர்ஸும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சொன்னது இதுதான்: கேட்டதும் பார்த்ததும் வகுப்பறைக்குள் வந்து சேர, யாராவது கூடவே நின்று பழக்க வேண்டும். அதைக் கணக்காக்குவோம். ஐந்து ஊழியர்கள், ஆறு மாதம் அதாவது 26 வாரம். ஒவ்வொருவருடனும் வாரம் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேச மேற்பார்வையாளருக்கு 130 மணி. மாதம் இரண்டு முறை ஒவ்வொருவரின் அமர்வையும் நேரில் பார்த்துக் குறிப்பெடுக்க, தடவைக்கு ஒன்றரை மணி வீதம் 60 தடவைக்கு 90 மணி. ஆக மேற்பார்வையாளருக்கு மட்டும் 220 மணி, வாரத்துக்கு எட்டரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முழு வேலைநாளையே விழுங்கும். ஊழியர்கள் தரப்பிலும் 130 மணி. இந்த 350 மணியை பட்ஜெட்டில் ஏற்றாமல் 'தொடர் வழிகாட்டல் வழங்கப்படும்' என்று எழுதுவது, இல்லாத ஆளின் தலையில் வேலையைக் கட்டுவது. இரண்டாம் மாதமே நின்றுவிடும். நேரில் பார்க்கும்போது பயன்படுத்தும் குறிப்புத் தாளில் பத்து வரிக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளைப் பெயர் சொல்லி வரவேற்றார்களா, அன்றைய திறன் எது என்று சொல்லப்பட்டதா, எத்தனை பேர் செய்து பார்த்தார்கள், சச்சரவு வந்தபோது எப்படிக் கையாண்டார்கள் என்பது போன்றவை போதும்.

பட்ஜெட்டில் தொடர்ந்து வரும் மற்ற தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாளிலிருந்தே புது ஊழியருக்கு 12 மாதச் சம்பளம் போடுகிறார்கள். ஆள் தேடி, பின்னணி சரிபார்த்து, வேலையில் அமர்த்த இரண்டு மூன்று மாதம் ஆகும். சேவை ஒன்பது மாதம்தான் நடக்கும், பணம் மிஞ்சும், அறிக்கையில் விளக்கம் எழுத வேண்டும். கால அட்டவணையிலும் பட்ஜெட்டிலும் ஒன்பது மாதம் என்றே எழுதுங்கள். தரவு பதியும் வேலையை மைய ஊழியர்கள் இரவில் உட்கார்ந்து செய்வார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குக் கால் பங்கு வேலைநேரமாவது தனியாக ஒதுக்குங்கள். அளவீட்டுக்கு மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம் வைப்பது பரவலான வழக்கம். வாடகை, மின்சாரம், கணக்கர் ஆகிய நிர்வாகச் செலவை வெட்கப்பட்டு மறைப்பது இன்னொரு தவறு. குறைத்துக் காட்டினால், தருபவர்கள் அந்தக் குறைந்த எண்ணையே எதிர்பார்க்கப் பழகிவிடுகிறார்கள், அமைப்பு உள்ளுக்குள் இற்றுப்போகிறது. தருபவர் அனுமதிக்கும் உச்ச சதவீதத்தைப் பார்த்து, உண்மைக் கணக்கோடு முழுதாகக் கேளுங்கள். செலவழித்த பிறகு ரசீது காட்டிப் பெறும் வகை நல்கை என்றால் மூன்று மாதச் செலவைத் தாங்கும் கையிருப்பு உங்களுக்கு இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். வெற்றி பெற்ற விண்ணப்பத்தால் சம்பளம் தடைபட்ட அமைப்புகள் உண்டு. உங்கள் தரப்புப் பங்கு என்று தன்னார்வலர் நேரத்தைக் காட்டுவதானால் கையெழுத்திட்ட நேரப் பதிவு வேண்டும். ஆண்டு முடிவில் நினைவிலிருந்து எழுதிய பட்டியல் தணிக்கையில் நிற்காது.

பள்ளி வருகை, மதிப்பெண் போன்றவற்றை அளவுகோலாக எழுதும் முன், அந்தத் தரவு உங்கள் கைக்கு வருமா என்று உறுதி செய்யுங்கள். பள்ளியோடு எழுத்து ஒப்பந்தம், பெற்றோர் சம்மதம், பிள்ளையின் சொந்தச் சம்மதம் என மூன்றும் வேண்டியிருக்கும். இவை சேரப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால் விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்குங்கள். அறிக்கையில் 'காவல்துறைத் தொடர்புள்ள பெண்பிள்ளைகள் 2' என்பது போன்ற சிறிய எண்கள் யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட கட்டங்களை வெறுமையாக விடுவதே முறை.

அறிவிப்பு ஆவணத்தில் மதிப்பெண் பங்கீட்டைத் தேடிப் பிடியுங்கள். தேவைக்கு 10, திட்டத்துக்கு 35, பட்ஜெட்டுக்கு 15 என்று இருந்தால் உங்கள் பக்கங்களும் ஏறத்தாழ அந்த விகிதத்தில் இருக்கட்டும். அவர்கள் வைத்த அதே வரிசை, அவர்கள் சொன்ன அதே சொல். விவரணையில் இரண்டு மேற்பார்வையாளர், பட்ஜெட்டில் ஒருவர் என்ற முரண்தான் மிகச் சாதாரணமாக மாட்டுவது. இரண்டையும் எழுதாத மூன்றாமவர் ஒருவரை உட்கார வைத்து எண்களை மட்டும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஆதரவுக் கடிதங்களில் பாராட்டுக்கு மதிப்பில்லை. 'ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் வருகை விவரம் தருவோம்' என்று பள்ளித் தலைமை எழுதிய ஒரு வரி, பிரமுகர் எழுதிய ஒரு பக்கத்தைவிட மேல். இணையவழிப் பதிவுக்குச் சில இடங்களில் வாரக்கணக்கில் ஆகும். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். சென்ற இரண்டு முறையும் மதிப்பீட்டாளர்கள் எழுதிய குறிப்புகளைக் கேட்டுப் பெற முடியுமா என்றும் பாருங்கள். பலர் கேட்பதே இல்லை, கேட்டால் தருபவர்கள் உண்டு.

உங்கள் பட்ஜெட்டையோ அந்த அறிவிப்பையோ பார்க்காமல் எழுதும் பதில் இது. எந்தச் செலவு அனுமதிக்கப்படும், கால எல்லை என்ன என்பதையெல்லாம் அந்த ஆவணம்தான் தீர்மானிக்கும். இங்கே சொன்னதற்கும் அதற்கும் முரண் வந்தால் ஆவணத்தின் பக்கம் நில்லுங்கள். நல்கைத் தொகை உங்கள் ஆண்டுச் செலவில் பாதிக்கு மேல் என்றால் விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். அது முடியும் மாதத்தில் யாரை வேலையிலிருந்து அனுப்புவீர்கள், அவரை நம்பி வந்த பிள்ளைகளிடம் என்ன சொல்வீர்கள்? ஒருமுறை செலவழித்தால் தங்கிவிடும் மாற்றங்களை, அதாவது பதிவு முறை, நேரில் பார்க்கும் பழக்கம், பாட அட்டவணை ஆகியவற்றை முன்னே வைத்து, தொடர் சம்பளம் கேட்கும் மாற்றங்களைக் குறைவாக வையுங்கள்.

அடுத்த இரண்டு வாரத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்ற ஆண்டு பாதியில் நின்ற பிள்ளைகளில் 12 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குப் பிடித்திருந்த ஊழியரையே அழைத்துப் பேசச் சொல்லுங்கள். கேள்விகள் மூன்றே: கடைசியாக வந்த நாள் என்ன நடந்தது, அந்த வாரம் வீட்டிலும் பள்ளியிலும் என்ன நிலைமை, எது மாறியிருந்தால் வந்திருப்பாய். 'ஏன் வரவில்லை' என்று கேட்டால் மன்னிப்புத்தான் பதிலாக வரும், காரணம் வராது. பன்னிரண்டில் ஐந்து பேர் ஒரே காரணத்தைச் சொன்னால், உதாரணமாகத் தங்களோடு பழகிய ஊழியர் போய்விட்டார் என்றோ, இருட்டிய பிறகு திரும்பிப் போக வழியில்லை என்றோ சொன்னால், அதுவே உங்கள் விண்ணப்பத்தின் முதல் பக்கம். பாதித் தொலைபேசி எண்கள் வேலை செய்யவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்: 'நின்ற 12 பேரில் 6 பேரை எங்களால் தொடர்புகொள்ள முடியவில்லை. சேரும்போது ஒரே தொலைபேசி எண்ணை மட்டும் வாங்குகிறோம். இனி மூன்று எண்கள் வாங்கி, மாதம் ஒருமுறை சரிபார்ப்போம்.'